ஐந்தரை வரை வகுப்பு

மே 21

இன்றிலிருந்து நடப்பதை நடந்தபடியே எழுதுவேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். என்னைப் பற்றி எழுதும்போதும் அப்படித்தான்.

எழுதத் தொடங்கியதற்குக் காரணம் துரைசிங் சார். கயத்தாறு பஜாரில் உரக்கடை மாடியில் அவர் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்துகிறார். திருநெல்வேலியில் பெண்கள் கல்லூரியில் சேரப் போகிற நாங்கள் ஐந்து பேர் அவரிடம் போகிறோம். "தெனமும் டைரி எழுதுங்க. இங்கிலீஷ்ல எழுதுங்க. ஆறே மாசத்துல வெள்ளைக்காரி உங்ககிட்ட சந்தேகம் கேப்பா" என்றார். நேற்று இங்கிலீஷில் எழுதிப் பார்த்தேன். எழுந்தேன், பல் தேய்த்தேன், இட்லி சாப்பிட்டேன். நான்காவது வரிக்கு என்னிடம் இங்கிலீஷ் இல்லை. அதனால் தமிழில் எழுதுகிறேன்.

என் பெயர் செண்பகவல்லி. அரசு மேல்நிலைப் பள்ளி, தமிழ் மீடியம். பிளஸ் டூ இங்கிலீஷில் தொண்ணூற்று நான்கு மார்க். அத்தனையும் மனப்பாடம். கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டிருந்தால் நாற்பது வந்திருக்கும். தாவரவியலில் இடம் கிடைத்திருக்கிறது. கல்லூரி திறப்பதற்கு முன்னால், ஜூன் 18 அன்று, புதிதாகச் சேருகிற எல்லோருக்கும் இங்கிலீஷில் ஒரு தேர்வு. மார்க்கைப் பார்த்து ஏ, பி, சி என்று மூன்று பிரிவாகப் பிரிப்பார்கள். ஏ, பி பிரிவுக்காரர்கள் மூன்றரைக்கு வீட்டுக்குப் போகலாம். சி பிரிவுக்கு முதல் செமஸ்டர் முழுவதும் மாலை ஐந்தரை வரை தனி வகுப்பு.

நான் சி பிரிவில் விழக் கூடாது. ஐந்தரைக்கு மேல் பஸ் வசதி இல்லை.

மே 23

துரைசிங் சார் இன்று ஒரு பத்தி கொடுத்தார். தலைப்பு 'நான் மதிக்கும் மனிதர்'. பத்து வருடமாக அவர் இதைத்தான் கொடுக்கிறாராம். தமிழில் சொன்னால் இப்படி வரும்: என் தந்தை ஒரு வங்கி அதிகாரி. மாலையில் வீடு திரும்பும்போது எனக்காக ஒரு புத்தகம் வாங்கி வருவார். அவர் ஒருபோதும் குரலை உயர்த்தியதில்லை. எங்கள் வீடு ஒரு தோட்டம், அவர்தான் தோட்டக்காரர்.

"சார், வேற தலைப்பு குடுத்தா?" என்று ஜெபசீலி கேட்டாள். ஜெபசீலி ஆறாம் வகுப்பிலிருந்து என் பக்கத்தில் உட்காருகிறவள். வாய் சும்மா இருக்காது.

"எந்தத் தலைப்பு குடுத்தாலும் ரெண்டு வரியில இங்க வந்து சேந்துரணும். அதுதான் டெக்னிக்."

"எங்கப்பா லோடு ஏத்துதாரு சார்."

"திருத்துறவங்க வீட்டுக்கு வந்தா பாக்கப் போறாங்க? நீ எழுதுட்டி."

எனக்கு அந்தப் பத்தி பிடித்திருந்தது. முக்கியமாகத் தோட்டக்காரர் வரி. வீட்டுக்கு வரும் வழியிலேயே பாதி மனப்பாடம் ஆகிவிட்டது.

என் அப்பா காற்றாலை கம்பெனியில் வாட்ச்மேன். காலையில் போனால் மாலை ஆறு மணிக்கு வருவார். அப்பாவும் குரலை உயர்த்த மாட்டார். அந்த வரி என் விஷயத்தில் பொய் இல்லை.

மே 26

தண்ணீர் வரவில்லை. இரண்டு தெரு தள்ளிப் போய் நானும் அம்மாவும் எட்டுக் குடம் எடுத்தோம். வினைச்சொற்கள் இருபது படித்தேன். அப்பா வந்தார். சத்தமாகப் படித்தேன்.

மே 29

இன்று நல்ல நாள் என்றுதான் எழுத வேண்டும்.

அப்பா வரும்போது கடலைமிட்டாய் வாங்கி வந்தார். நான் முன்னறையில் உட்கார்ந்து பத்தியைச் சத்தமாக ஒப்பித்துக்கொண்டிருந்தேன். நான் படிக்கும்போது அப்பா எதிரில் நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். டிவி போட மாட்டார். யாராவது வந்தால், "படிக்கிற புள்ள இருக்கற வீடு, மெதுவாப் பேசுங்க" என்பார். தெருவில் அப்பாவுக்கு நல்ல பெயர். குடிக்க மாட்டார். பீடி கிடையாது. எதிர்க்கடை நாடார் என்னிடமே, "ஒங்கப்பா மாதிரி மனுசன் இந்தத் தெருவுல கெடையாது" என்று பல தடவை சொல்லியிருக்கிறார்.

"அது என்னம்மா, ஃபாதர் ஃபாதர்னு வருது. என்னையவா சொல்லுத?"

அர்த்தம் சொன்னேன். வங்கி அதிகாரி என்றதும் அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஆபீசராக்கிட்டியே என்ன!"

குரலை உயர்த்தியதில்லை என்ற வரிக்கு அர்த்தம் சொன்னேன். தோட்டத்துக்கும் சொன்னேன். அப்போது அடுக்களையிலிருந்து அம்மா சிரித்தாள். சின்னச் சிரிப்புதான். பாத்திரச் சத்தத்தோடு சேர்ந்துதான் கேட்டது.

அப்பா சிரிப்பதை நிறுத்தினார். அடுக்களைப் பக்கம் திரும்பினார். "என்னளா?" என்றார், மெதுவாக.

"ஒண்ணுமில்ல. கரண்டி விழுந்துச்சு."

நான் அடுத்த பாடத்தை எடுத்தேன். தேனீக்களைப் பற்றிய பாடம். முன்பைவிடச் சத்தமாகப் படித்தேன். ஒரு வார்த்தைகூட எனக்குப் புரியவில்லை. சாப்பாட்டு நேரம் வரை நிறுத்தவில்லை. தொண்டை கட்டிவிட்டது. கடலைமிட்டாய் தின்றால் இன்னும் கட்டும் என்று அம்மா எடுத்து வைத்துவிட்டாள்.

ஜூன் 3

சான்றிதழ் சரிபார்க்க ஜெபசீலியோடு கல்லூரிக்குப் போய் வந்தேன். கல்லூரியில் எனக்கு மிகவும் பிடித்தது நூலகம். உள்ளே விடவில்லை. கண்ணாடி வழியாகப் பார்த்தேன். ஒரு சுவர் முழுவதும் தாவரவியல்.

ஆபீஸ் அக்காவிடம், சி பிரிவு வகுப்புக்கு வராமல் இருந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். "வருகைப்பதிவு இல்லாம பரீட்சைக்கு உக்கார முடியாது. பெறவு எதுக்குக் காலேஜு?" என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜெபசீலி, "சி வந்தா வரட்டும்ட்டி. கேன்டீன்ல சாயங்காலம் சூடா வடை போடுவாங்களாம்" என்றாள்.

"எனக்கு பஸ் கெடைக்காது."

அவள் என்னைப் பார்த்தாள். "ஏட்டி, நான் எங்க இருந்து வாரேன்? நானும் கயத்தாறுதான. பத்து நிமிசத்துக்கு ஒரு பஸ்ஸு இருக்கு. இந்தா, நாம இப்பம் ஏறுனதே மூணாவது பஸ்ஸு. ஒனக்கு ஜன்னல் சீட்டு வேணும்னு ரெண்ட விட்டோம்."

வீட்டில் தேடுவார்கள் என்றேன். "ஒங்கப்பாவா? அவரு ஒன்னத் தலையில தூக்கி வச்சு ஆடுதாரு" என்றாள். கங்கைகொண்டான் தாண்டும்வரை இரண்டு பேரும் ஜன்னல் வழியாகவே பார்த்துக்கொண்டு வந்தோம்.

ஜூன் 7

துரைசிங் சார் மாதிரித் தேர்வு வைத்தார். நாலு மணிக்குத் தொடங்கி ஐந்தரைக்கு முடியும் என்றார். முடியவில்லை. ஐந்தரைக்கு எழுந்து நின்று, "சார், நான் போகணும்" என்றேன். "பரீட்சை ஹால்ல இப்படி எந்திரிச்சா பேப்பரப் புடுங்கிருவான். உக்காரு" என்றார். உட்கார்ந்தேன். கேள்விகள் கண்ணில் படவில்லை. கடிகாரம்தான் தெரிந்தது. அவர் விட்டதும் பஜாரில் ஓடினேன். பெரிய பெண் இப்படி ஓடுகிறாளே என்று பழக்கடைக்காரர் சொன்னது காதில் விழுந்தது.

வீட்டில் அப்பா சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டுச் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். "பரீட்சை எப்படிம்மா எழுதுன?" என்றார். நன்றாக எழுதினேன் என்றேன்.

அம்மா அடுக்களையில் திரும்பி நின்றுகொண்டிருந்தாள். ஈரத் துண்டைக் கன்னத்தோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். என்னம்மா என்று கேட்டேன்.

"அலமாரிக் கதவு இடிச்சிருச்சு. போய் கை கால் கழுவு."

எங்கள் வீட்டு அலமாரிக்குக் கதவு கிடையாது. திரைச்சீலைதான். நடந்ததை நடந்தபடி எழுதுவதாகச் சொல்லியிருப்பதால் இதையும் எழுதுகிறேன்.

ஜூன் 8

மாதிரித் தேர்வில் நூற்றுக்கு முப்பத்தொன்று. சி பிரிவு மார்க்.

ஜூன் 9

இனிமேல் துரைசிங் சார் வகுப்புக்குப் போகப் போவதில்லை என்று அம்மாவிடம் சொன்னேன். தலைவலி என்றேன்.

"கட்டுன பீஸ் கட்டுனதுதான். போ" என்றாள் அம்மா.

"வீட்டுலயே படிச்சுக்கிடுதேன்."

"ஒனக்கு ஒரு தலைவலியும் இல்ல."

"உங்களுக்கு அலமாரி இடிச்ச மாதிரிதான்."

அம்மா என்னை வெகுநேரம் பார்த்தாள். கன்னம் பச்சை நிறமாகியிருந்தது. பிறகு மாவு அரைக்கப் போய்விட்டாள். நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது.

ஜூன் 14

வீட்டில் படிப்பது நன்றாகத்தான் போகிறது. காலையில் இலக்கணம். மத்தியானம் தேனீ, ரயில், எரிமலை என்று ஏதாவது ஒரு பாடத்தை வைத்துக்கொண்டு அகராதி பார்க்கிறேன். ஆறு மணிக்கு அப்பா வரும் சைக்கிள் சத்தம் கேட்டதும் முன்னறைக்கு வந்து சத்தமாகப் படிக்க ஆரம்பிப்பேன். நான் படிக்கிற வரைக்கும் வீடு அமைதியாக இருக்கும்.

ஆனால் ஒன்று கவனித்தேன். சத்தமாகப் படிக்கும்போது மனதில் எதுவும் ஏறுவதில்லை. காதைத்தான் தீட்டி வைத்திருக்கிறேன், அடுக்களைப் பக்கம். மாலை நேரத்துப் படிப்பு படிப்பே இல்லை.

அப்பா இன்று எதிர்க்கடை நாடாரிடம், "ஏ பிரிவு வாங்கிருவா. ராவும் பகலும் படிக்கா" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஜூன் 17

நாளை தேர்வு. சுடிதாருக்கு இஸ்திரி போட்டாயிற்று. இரண்டு பேனா. ஹால் டிக்கெட். பத்தியைப் பதினோரு முறை ஒப்பித்தேன். தூக்கத்திலும் வரும்.

ஜூன் 18

எழுதியாயிற்று.

இலக்கணம் பாதி தெரிந்தது. படித்துப் பார்த்து விடை எழுதும் பகுதி கப்பல்களைப் பற்றி. கப்பல் எனக்கு வரவில்லை. கடைசியில் முப்பது மார்க்குக்கு ஒரு கட்டுரை. தலைப்பு, 'எனக்குப் பிடித்த இடம்'.

தலைப்பை இரண்டு முறை படித்தேன். பிறகு சார் சொன்ன டெக்னிக் ஞாபகம் வந்தது. எனக்குப் பிடித்த இடம் என் வீடு, ஏனென்றால் அங்கே என் தந்தை இருக்கிறார் என்று ஆரம்பித்தேன். அதற்குப் பிறகு பேனா தானாக ஓடியது. வங்கி அதிகாரி, புத்தகம், குரல், தோட்டம், தோட்டக்காரர். ஒரு பிழை இல்லை.

வெளியே வந்ததும் ஜெபசீலி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "முப்பதுக்கு முப்பதுட்டி. எங்கப்பாவ மேனேஜராவே ஆக்கிட்டேன்."

வீட்டில் அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். நானும் சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

ஜூன் 20

கல்லூரியிலிருந்து போன் வந்தது. எங்கள் ஐந்து பேரையும் வாய்மொழித் தேர்வுக்கு வரச் சொன்னார்கள். ஏ பிரிவில் போடுவதற்குத்தான் கூப்பிடுகிறார்கள் என்று பஸ்ஸில் பேசிக்கொண்டு போனோம்.

எப்சிபா மேடம் இங்கிலீஷ் துறைத் தலைவர். நரைத்த முடி, பருத்திப் புடவை. மேஜையில் எங்கள் ஐந்து விடைத்தாளையும் வரிசையாக வைத்திருந்தார். நாங்கள் உள்ளே போனதும் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

"இந்த பேங்க் ஆபீசருக்கு அஞ்சு பொண்ணுங்களா? அஞ்சும் ஒரே கிளாஸா?"

எங்களுக்கு வியர்த்துவிட்டது. ஜெபசீலிதான் வாயைத் திறந்தாள். "மேடம், எங்கப்பா பேங்குப் பக்கம் போனா வாசல்ல நிக்கிற செக்யூரிட்டியே உள்ள விட மாட்டாரு."

மேடம் சிரித்துவிட்டார். பிறகு முகத்தை மாற்றிக்கொண்டு, இந்தக் கட்டுரைக்கு யாருக்கும் மார்க் கிடையாது என்றார். ஒவ்வொருவராகக் கூப்பிட்டு இங்கிலீஷில் பேசப்போவதாகச் சொன்னார். கதை சொல்லக் கூடாது, தப்பாகப் பேசினாலும் சொந்தமாகப் பேச வேண்டும்.

நான் கடைசி.

"உனக்குப் பிடித்த இடம் உண்மையில் எது?" இங்கிலீஷில்தான் கேட்டார். அது புரிந்தது.

"என் வீடு" என்றேன். அது மனப்பாடம் இல்லை. யோசித்துத்தான் சொன்னேன். "ஆறு மணி வரைக்கும்."

"ஆறு மணிக்குப் பிறகு?"

"அப்பா வருவார்."

"குடிப்பாரா?"

"இல்லை மேடம். நல்லவர். கடையில் டீகூடக் குடிக்க மாட்டார்."

மேடம் காத்திருந்தார். நான் சொன்னேன். ஹி பீட் மை மதர். வென் ஐ ரீட், ஹி டோன்ட் பீட்.

இதைத் தமிழில் நான் யாரிடமும் சொன்னதில்லை. இந்த நோட்டில்கூட எழுதவில்லை. இங்கிலீஷில் சொன்னபோது வேறு யாருடைய வீட்டையோ பற்றிச் சொல்வதுபோல இருந்தது. சொன்ன பிறகுதான் இரண்டு வாக்கியமும் தப்பு என்று தெரிந்தது. பீட்ஸ் என்று வர வேண்டும். டஸின்ட் என்று வர வேண்டும். மேடம் திருத்தவில்லை.

அவர் தமிழுக்கு மாறினார். "அதனாலதான் ஏ பிரிவு வேணுமா?"

"ஏ வேண்டாம் மேடம். பி போதும். பி-யையும் மூணரைக்கு விட்டிருவீங்கல்லா?"

மேடம் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். கட்டுரை மார்க் இல்லாமல் கூட்டினால் நான் சி பிரிவு என்றார். ஆனால் வாய்மொழித் தேர்வைப் பார்த்து ஒரு பிரிவு மேலே போட அவருக்கு அதிகாரம் இருக்கிறதாம். "பி-ல போட்டுருவேன். ஒரு நிமிஷ வேலை. ஆனா அங்க நடத்துறது உனக்குப் புரியாது. பாட்டனியும் இங்கிலீஷ்லதான். நவம்பர்ல பெயில் ஆவ. முதல் செமஸ்டர்ல விழுந்தவங்கள்ல எத்தன பேர் ஜனவரில திரும்பி வரலன்னு எனக்குத் தெரியும். நாளைக்குக் காலையில லிஸ்ட் ஒட்டணும். யோசிச்சுச் சொல்லு. வீட்டுல பேசுறதுக்கு யாரு இருக்கா?"

"அம்மா இருக்காங்க."

"அப்ப அம்மாகிட்ட பேசு." ஒரு துண்டுத் தாளில் எண் ஒன்றை எழுதிக் கொடுத்தார். பெண்கள் எந்த நேரமும் கூப்பிட்டு உதவி கேட்கும் அரசாங்க எண். "இதையும் அம்மாகிட்ட குடு."

வீட்டுக்கு வந்தபோது அம்மா சீனியவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அப்பா வர இன்னும் நேரம் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஐந்து பொண்ணு விஷயத்துக்கு அம்மா சிரித்தாள். அதற்கு அடுத்ததைச் சொன்னதும் கத்தி நின்றுவிட்டது.

"வெளிய சொல்லிட்டியா?"

"இங்கிலீஷ்லதாம்மா சொன்னேன்."

"இங்கிலீஷ்ல சொன்னா என் மானம் போவாதோ?"

நான் அழுதேன். அம்மா அழவில்லை. முழங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பி-ன்னா என்ன, சி-ன்னா என்ன, இன்னொரு தடவ சொல்லு" என்றாள். சொன்னேன். பி-யில் போட்டால் பெயில் ஆவேன் என்று மேடம் சொன்னதையும் சொன்னேன். மறைக்கலாம் என்றுதான் நினைத்திருந்தேன்.

"அப்ப சி-ல சேரு."

"பஸ் ஏறி வீடு வந்து சேர ஏழு மணி ஆயிரும்மா. ஆறுல இருந்து ஏழு வரைக்கும் நீங்க தனியா..."

"ஏட்டி, நீ ரெண்டாங்கிளாஸ் படிக்கையில பையக் கட்டிட்டேன், எங்கம்மா வீட்டுக்குப் போயிருவோம்னு. நீ இந்த வருசத்தப் படிச்சு முடிக்கட்டும்னு அவுத்தேன். பெறவு பத்தாங்கிளாஸ். பெறவு பிளஸ் டூ. நான் ஒனக்காவ இங்க கெடக்கேன்னு நெனச்சுக்கிட்டு இருக்கேன். நீ எனக்காவக் கெடக்கியா?" கத்தியைக் கீழே வைத்தாள். "எத்தன நாளா சத்தம் போட்டுப் படிக்க?"

"ஒம்பதாங்கிளாஸ்ல இருந்து."

அம்மா காயை ஒதுக்கி வைத்துவிட்டு என் தலையைப் பிடித்துத் தன் தோளில் அழுத்திக்கொண்டாள். விரலில் சீனியவரைக்காய் வாசனை.

"நீ சி-ல சேரு. ஏழு மணி வரைக்கும் நான் வீட்டுல இருந்தாத்தான?"

மேடம் கொடுத்த தாளை அம்மா வாங்கிப் பார்த்தாள். கிழிக்கவில்லை. ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

ஆறு மணிக்கு அப்பா வந்தார். எரிமலைப் பாடம் படித்தேன். பிரிவைப் பற்றி அவர் கேட்டார். நாளைக்குத் தெரியும் என்றேன்.

ஜூன் 21

காலையில் கல்லூரிக்குப் போனேன். மேடத்தின் அறைக்குள் போய், "சி பிரிவு மேடம்" என்றேன். அவர் தலையை ஆட்டினார். பட்டியலில் என் பெயர் நாற்பத்திரண்டாவது. ஜெபசீலி எனக்கு மேலே இரண்டு பெயர் தள்ளி. "வடை வாங்கித் தாரேன், அழாத" என்றாள்.

இந்த நோட்டை இனிமேல் கல்லூரிப் பையில் வைத்துக்கொள்வேன். அலமாரியில் வைக்க மாட்டேன்.

அப்பாவிடம் பட்டியல் திங்கட்கிழமைதான் ஒட்டுவார்கள் என்று சொன்னேன். அது பொய். ஆனால் எழுதிவைக்கிறேன்.

ஜூன் 22

பஜாரில் பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் ராஜகனி அக்காவின் தையல் கடை. புருஷன் இறந்த பிறகு அக்கா தனியாகத்தான் கடையை நடத்துகிறார். அம்மா அவரிடம் போய்ப் பேசிவிட்டு வந்தாள். எவ்வளவு சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. அக்கா, "இத்தன வருசம் கழிச்சா வார? நான் எப்பவோ எதிர்பாத்தேன்" என்றாராம்.

ஜூன் 24

இன்று முதல் நாள். முழுவதும் எழுத வேண்டும்.

தாவரவியல் வகுப்பில் பாதி புரியவில்லை. சி பிரிவு வகுப்பு எப்சிபா மேடமே எடுத்தார். எங்களில் ஒருவரையும் மனப்பாடம் செய்ய விடவில்லை. ஜன்னல் வழியாகத் தெரிவதை மூன்று வாக்கியத்தில் எழுதச் சொன்னார். வேப்பமரம், நாய், வாட்ச்மேன் என்று எழுதினேன். மூன்றும் என் வாக்கியம். ஆனால் ஐந்து மணிக்கு மேல் எனக்கு எதுவும் ஓடவில்லை. அப்பா இனிமேல் சைக்கிளை எடுப்பார். பிறகு தெருமுனை. ஆறு மணிக்கு வாசலில் பூட்டைப் பார்ப்பார். ஜெபசீலி என் தொடையைத் தட்டி, "மேடம் பாக்காங்க" என்றாள்.

பஸ் கயத்தாற்றில் நின்றபோது அம்மா இறங்கும் இடத்திலேயே நின்றாள். பக்கத்தில் ராஜகனி அக்கா. மூன்று பேரும் நடந்தோம். எதிர்க்கடை நாடார், "அண்ணாச்சி வந்து சாவி வாங்கிட்டுப் போயாச்சு. ரொம்ப நேரமா வாசல்ல நின்னாரு" என்றார். அம்மா சாவியைக் கடையில் கொடுத்துவிட்டுப் போனது இதுவே முதல் தடவை.

அப்பா முன்னறை நாற்காலியில் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். டிவி ஓடவில்லை.

"வாங்க" என்றார் ராஜகனி அக்காவைப் பார்த்து. சிரிக்கவும் செய்தார்.

"அண்ணாச்சி, ஒங்க மகளுக்கு மொத நாளு. வெறுங்கையோடவா உக்காந்திருக்கீங்க? ஒரு பாயாசம் வைக்கச் சொல்லப்படாதா?" அக்கா தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். அம்மா உலை வைத்தாள். சோறு வெந்து, குழம்பு சூடாகி, எல்லோரும் சாப்பிட்டு முடிக்கும்வரை அக்கா பேசிக்கொண்டே இருந்தார். எந்தப் பொம்பளைக்கு ரவிக்கை பிடிக்காமல் போனது, எந்த மாப்பிள்ளை தையல் கூலிக்குப் பேரம் பேசினான். அப்பா இரண்டு இடத்தில் சிரித்தார். அம்மாவைப் பார்க்கவே இல்லை.

அக்கா எழுந்து போனார். அம்மா கதவைச் சாத்தினாள்.

"எந்தப் பிரிவும்மா?" என்றார் அப்பா என்னிடம்.

"சி-ப்பா. அஞ்சர வரைக்கும் கிளாஸு. நான்தான் கேட்டு வாங்குனேன்."

"கேட்டு வாங்குனியா." மெதுவாகத்தான் சொன்னார். பிறகு அம்மா பக்கம் திரும்பினார். "சாவியக் கடையில குடுத்துட்டுப் போற அளவுக்கு அப்படி என்னளா வேல?"

"ராஜகனி கடையில ரவிக்கைக்குக் கொக்கி வைக்கேன். செண்பா பஸ்ஸ விட்டு எறங்குத வரைக்கும் அங்கதான் இருப்பேன்."

"யார்ட்ட கேட்ட?"

"யார்ட்டயும் கேக்கல."

அப்பா எழுந்தார். நான் பையிலிருந்து புத்தகத்தை எடுத்தேன். எந்தப் புத்தகம் என்று பார்க்கவில்லை. அம்மா என் கையைப் பிடித்து அதைக் கீழே வைத்தாள். "நீ படிக்க வேண்டாம். இப்படியே இரு."

அப்போதுதான் வெளியே ராஜகனி அக்காவின் குரல் கேட்டது. யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தார். சத்தமாக. அந்தச் சத்தம் எங்கள் வாசலை விட்டு நகரவில்லை. கடையிலிருந்து நாடார், "என்னம்மா ராஜகனி, போகலியா?" என்று கேட்டதும், "போவேன் அண்ணாச்சி. எனக்கென்ன அவசரம்?" என்று அக்கா சொன்னதும் உள்ளே எல்லோருக்கும் கேட்டது.

அப்பா கதவைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். அம்மா அவரை நேராகப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் முந்தானையைக் கைக்குள் சுருட்டிப் பிடித்திருந்ததை நான் பார்த்தேன். அப்பாவும் பார்த்திருப்பார்.

"நாளைக்கும் இப்படித்தானா?"

"கிறிஸ்துமஸ் லீவு வரைக்கும் இப்படித்தான். பெறவும் பாப்போம்."

அப்பா மறுபடி உட்கார்ந்தார். பிறகு சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு, பாயை உதறி, சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். அதற்குப் பிறகும் வெகுநேரம் வெளியே பேச்சு கேட்டது.

நாளைக்கு என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது. தெரியாததை எழுத மாட்டேன். இன்று நடக்கவில்லை. அதை எழுதுகிறேன்.

சற்று முன்னால் அப்பா படுத்தபடியே, "லைட்ட அணை" என்றார். அம்மா எழுந்திருக்கவில்லை. "புள்ள எழுதி முடிக்கட்டும்" என்றாள். அவர் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டார். நான் அவசரப்படாமல் எழுதினேன். முடித்துவிட்டேன் என்று சொன்ன பிறகுதான் அம்மா எழுந்தாள். இந்தக் கடைசி வரியை ஜன்னல் வழியாக வரும் தெருவிளக்கின் வெளிச்சத்தில் எழுதுகிறேன். லைட் அணைத்தாயிற்று.